பைட்டர் மீனுக்கு ஒரு சின்னத் தொட்டி: கொழும்பில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்குள் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது வாசலுக்கு நேரே இருக்கும் மீன் தொட்டிதான். தேத்தண்ணீர் வருவதற்குள் கேள்வி தொடங்கிவிடும். பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பைட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு மூன்றாம் கிழமை பதறிப்போய்ப் போன் எடுப்பவர்கள் தனி. எல்லாருக்கும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

பைட்டர் எண்டா என்ன மீன் அக்கா? சண்டைக்குத்தான் வளர்க்கிறதா?

கடையில் பைட்டர், புத்தகத்தில் பெட்டா. முழுப் பெயர் பெட்டா ஸ்பிளெண்டென்ஸ். சொந்த ஊர் தாய்லாந்து. வயல்களிலும் சதுப்புகளிலும் கிடக்கும் மீன். அங்கே ‘பிளா கட்’ என்பார்கள், கடிக்கிற மீன் என்று அர்த்தம். 2019இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. இயற்கையில் இது குட்டைச் செட்டையோடு மங்கலாக இருக்கும். முதலில் சண்டைக்காகவும் பிறகு அழகுக்காகவும் மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்து வந்ததுதான் இன்று கடையில் காணும் நீலமும் சிவப்பும் விசிறி வாலும்.

தலையில், செவுளுக்கு மேலே, காற்றை நேரடியாகச் சுவாசிக்க உதவும் ஒரு தனி உறுப்பு இதற்கு உண்டு. அதனால்தான் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று எடுக்கும். நம் குளங்களில் இருக்கும் பனையேறிக்கும் இலங்கைக்கு மட்டுமே உரிய தல்கொஸ்ஸாவுக்கும் அதே உறுப்பு இருக்கிறது. ஒரு வகையில் சொந்தக்காரர்கள். இந்த உறுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் வரும்.

கடையில சின்ன பிளாஸ்டிக் கப்பிலதானே வச்சிருக்கிறாங்கள். வீட்டில மட்டும் ஏன் தொட்டி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கப்பில் மீன் சாகாமல் இருப்பதற்குக் காரணம் மேலே சொன்ன உறுப்பு. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். மற்ற மீன் என்றால் அதே கப்பில் சீக்கிரம் மூச்சடைத்துப் போயிருக்கும். பைட்டர் தாக்குப்பிடிப்பதைப் பார்த்து ‘இதுக்கு இவ்வளவு இடம் போதும்’ என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆனால் மீனின் கழிவில் இருந்து வரும் அமோனியா எங்கே போகும்? அரை லீற்றர் தண்ணீரில் ஒரு நாள் கழிவே மீனின் செவுளையும் செட்டையையும் எரிக்கும் அளவுக்குச் சேரலாம். இருபது லீற்றரில் அதே கழிவு நாற்பது மடங்கு ஐதாகிவிடும். காற்றை மேலே வந்து குடிக்கலாம், அமோனியாவில் இருந்து தப்பி எங்கே போவது? கடைக்காரர் கப்பை வைத்திருப்பது விற்கும் வரைக்கும்தான். நாம் வைத்திருக்கப் போவது வருடக் கணக்கில். நான் வளர்த்த முதல் பைட்டர் ஒரு ஊறுகாய்ப் போத்தலில் இருந்தது. இரண்டு மாதம். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

அப்ப எத்தனை லீற்றர்? கடைக்காரர் அங்குலத்தில சொல்றார்.

ஆகக் குறைந்தது பத்து லீற்றர். இருபது இருந்தால் உங்களுக்கும் நிம்மதி, மீனுக்கும் நிம்மதி. பெரிய தொட்டி பராமரிக்கக் கஷ்டம் என்று நினைப்பார்கள். உண்மை நேர்மாறு: தண்ணீர் குறையக் குறைய எல்லாம் சீக்கிரம் கெடும்.

கணக்கு இலகு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61ஆல் பிரித்தால் லீற்றர். 12க்கு 8க்கு 8 என்றால் பன்னிரண்டரை லீற்றர். 15க்கு 8க்கு 10 என்றால் கிட்டத்தட்ட இருபது. 18க்கு 10க்கு 10 என்றால் இருபத்தொன்பதரை. மேலே இடம் விட்டு, மணலும் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கொள்ளளவு என்றால் உயரமானதை விட்டு நீளமானதை எடுங்கள். நீண்ட வாலோடு ஒவ்வொரு தடவையும் காற்றுக்கு மேலே ஏறி இறங்குவது பாரமான வேலை. 10, 12 அங்குல உயரத்துக்கு மேல் தேவையே இல்லை.

உருண்டைக் கண்ணாடிக் குடுவை வடிவாத்தானே இருக்கு?

வடிவுதான், பூ வைக்க. பில்டர் பொருத்த முடியாது, மூடி பொருந்தாது, வளைந்த கண்ணாடியால் பார்த்தால் மீனும் கோணலாகத்தான் தெரியும்.

எங்க வைக்கிறது? அம்மா ஈசானிய மூலையில வைக்கச் சொல்றா.

ஈசானிய மூலையில் நேர்வெயில் விழாது, மேசை ஆடாது என்றால் தாராளமாக வையுங்கள். அம்மா சொல்லைத் தட்டுவானேன்?

கொழும்பில் கவனிக்க வேண்டியது மேற்கு ஜன்னல். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்குத் தெரியும், மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேரே உள்ளே வரும். சின்னத் தொட்டி ஒரு மணி நேரத்தில் சூடாகிவிடும், இரண்டு கிழமையில் கண்ணாடி பச்சையாகிவிடும். டிவிக்குப் பக்கத்தில், அடிக்கடி அடித்துச் சாத்தும் கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம். பாரத்தையும் யோசியுங்கள்: இருபது லீற்றர் தொட்டி மணலோடும் கண்ணாடியோடும் சேர்ந்து 25 கிலோவைத் தாண்டும். பலகை நடுவில் வளைந்த புத்தக றாக்கை தாங்காது.

ஹீட்டர் வேணுமா?

கொழும்பில் வேண்டாம். இந்த மீனுக்குப் பிடித்தது 25 முதல் 28 பாகை செல்சியஸ். நம் வீட்டுத் தண்ணீர் சும்மா வைத்தாலே அந்த அளவில்தான் இருக்கும். விதிவிலக்கு, இரவு முழுக்க ஏசி போடும் அறை. பகலில் 29, இரவில் 22 என்று ஏறி இறங்குவது மீனை நோயாளியாக்கும். தொட்டியை ஏசி இல்லாத அறைக்கு மாற்றுவது ஹீட்டர் வாங்குவதை விட மலிவு. நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ இருக்கும் சொந்தக்காரருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஹீட்டரும் சேர்த்துக் கொடுங்கள்.

நம் பிரச்சினை மார்ச், ஏப்ரல். தண்ணீர் 31ஐத் தாண்டினால் மூடியை எடுத்துவிட்டு வலையைப் போட்டு, மேலே மெல்லிய ஃபேன் காற்றுப் படும்படி விடுங்கள். ஐஸ்கட்டி போடாதீர்கள்.

பில்டர் கட்டாயமா? அதுதான் காத்தை மேல வந்து குடிக்குதே.

பில்டரின் வேலை காற்றுக் கொடுப்பது என்று நினைப்பதால் வரும் கேள்வி. அதன் உண்மையான வேலை நல்ல பக்டீரியாக்களுக்கு வீடாக இருப்பது. கழிவில் இருந்து வரும் அமோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும்.

வாங்க வேண்டியது எயார் பம்பில் ஓடும் சின்ன ஸ்பொஞ்ச் பில்டர். மலிவு, நீரோட்டமும் மெல்லியது. தண்ணீரைப் பீச்சியடிக்கும் பில்டர் போட்டால் நீண்ட வாலுள்ள மீன் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடும். ஸ்பொஞ்சை ஒருபோதும் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் பக்டீரியா செத்துவிடும். தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு தரம் பிழிந்தால் போதும்.

கரண்ட் போனா?

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் இதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறைத் துணை மின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்து நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு நாலு அழைப்பு. மீனுக்கு உடனே ஆபத்தில்லை, காற்றை மேலே எடுத்துக்கொள்ளும். ஸ்பொஞ்சில் உள்ள பக்டீரியாவுக்குத்தான் ஒட்சிசன் வேண்டும். சில மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் நீண்டால் சாப்பாடு போடாமல் விடுங்கள், கரண்ட் வந்த அடுத்த நாள் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

முக்கியமான இன்னொன்று: எயார் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி வடிந்து பம்புக்குள்ளும் மேசையிலும் ஊற்றும். பம்பை உயரத்தில் வையுங்கள், அல்லது டியூபின் நடுவில் ஒருவழி வால்வு ஒன்று மாட்டுங்கள். சின்னச் சாமான், கடையில் கேட்டால் தருவார்கள்.

பைப் தண்ணியை நேர ஊத்தலாமா?

கூடாது. கொழும்புக்கு வரும் தண்ணீர் களனி கங்கையில் அம்பத்தளையிலும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் எடுத்துச் சுத்திகரித்து, குளோரின் சேர்த்து வருவது. நமக்கு அந்தக் குளோரின் பாதுகாப்பு, மீனின் செவுளுக்கு நெருப்பு. அகலமான வாளியில் ஒரு முழு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். நான் அதை நம்பி மட்டும் இருப்பதில்லை, குளோரின் நீக்கி மருந்து இரண்டு துளி விடுவேன். போத்தலில் எழுதிய அளவைப் பாருங்கள். ஒரு சின்னப் போத்தல் மாதக் கணக்கில் வரும். குழாயைத் திறந்ததும் நீச்சல் குளம் மாதிரி மணக்கும் நாட்களில் தண்ணீர் மாற்றுவதையே தள்ளிப் போடுங்கள்.

மற்றபடி நம் தண்ணீர் மென்மையானது, இந்த மீனுக்கு நன்றாகப் பிடிக்கும். கொதிக்க வைக்கத் தேவையில்லை, போத்தல் தண்ணீர் வாங்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது. மெதுவாகப் பழக்கினால் அதிலும் இருக்கும், ஆனால் அப்படிப்பட்ட காரத் தண்ணீரில் அமோனியாவின் விஷம் கூடும் என்பதால் அங்கே பில்டர் விஷயத்தில் சமரசம் கூடாது.

வாளியில தண்ணி வச்சா பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடுவாரே?

நியாயமான பயம். நுளம்பு பெருகும் இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். டெங்கு நுளம்புக்கு முட்டையில் இருந்து பறப்பதற்கு நம் வெக்கையில் ஏழு எட்டு நாள் போதும். ஆகவே ஊறவைக்கும் வாளியைப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், குளோரின் அதனூடாகப் போகும். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வாளி காலியானதும் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும்.

மீன் உள்ள தொட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். குடம்பி கண்ணில் பட்டால் பைட்டர் விட்டுவைக்காது. மீன் செத்த பிறகு மொட்டை மாடியில் தூக்கிப் போட்ட வெறும் தொட்டிதான் பிடிபடும்.

தொட்டி வாங்கின அண்டைக்கே மீனை விடலாமா?

விடாதீர்கள். தொட்டியையும் மீனையும் ஒரே பையில் வாங்கி வருவதுதான் முக்கால்வாசிச் சோகத்தின் தொடக்கம். பில்டர் கேள்வியில் சொன்ன பக்டீரியா தானாக வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். தொட்டியை நிரப்பி, பில்டரை ஓடவிட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தரம் சிட்டிகை மீன் சாப்பாடு போடுங்கள். அது அழுகி அமோனியா வரும், அதைத் தின்ன பக்டீரியா வரும். துளி மருந்தால் பார்க்கும் சோதனைப் பெட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம், நைட்ரேட் மட்டும் கொஞ்சம் என்று காட்டும் நாளில் மீன் வாங்கப் போகலாம்.

குறுக்கு வழி ஒன்று உண்டு, நேர்மையான குறுக்கு வழி: நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டு வந்து உங்கள் பில்டரோடு சேர்த்தால் காத்திருப்பு நன்றாகக் குறையும். என் ஸ்பொஞ்சில் துண்டு வாங்கிப் போனவர்கள் பம்பலப்பிட்டியில் இருந்து கொட்டாஞ்சேனை வரை இருக்கிறார்கள்.

மீனை ஏற்கெனவே வாங்கியாச்சு. இப்ப என்ன செய்ய?

பயப்படாதீர்கள், வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். முதல் ஒரு மாதம் தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள், ஊறவைத்த, குளோரின் இல்லாத தண்ணீரால். சாப்பாட்டைப் பாதியாக்குங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று நம்பாதீர்கள், அமோனியாவுக்கு நிறமில்லை. பழகிய தொட்டிக்குக் கிழமைக்கு ஒரு தரம் கால்பங்கு போதும். முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்ப்பது ஒருபோதும் வேண்டாம்.

வெள்ளவத்தை பீச்சில மணல் அள்ளிப் போட்டா என்ன?

உப்பைக் கழுவிவிடலாம், சிப்பித் துகளைக் கழுவ முடியாது. அது கரைந்து கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். சங்கு, பவளக்கல் அலங்காரத்துக்கும் இதே பதில். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு பை ஆற்று மணல் கேட்டு, தண்ணீர் தெளியும் வரை அலசிப் போடுங்கள். ஒரு அங்குலத் தடிப்புப் போதும்.

பிளாஸ்டிக் செடி வைக்கவா, உண்மையான செடியா?

உண்மையானது. பிளாஸ்டிக் இலையின் விளிம்பில் வால் கிழியும். (நைலோன் காலுறையை அதன்மேல் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் வாலும் மாட்டும்.) உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் கிரிப்டோகோரைன் செடிகளில் பல வகை இலங்கைக்கே உரியவை. வெண்டி, பெக்கெட்டி, பார்வா எல்லாம் நம் ஊர் ஓடைச் செடிகள். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் வளரும். ஆனால் ஓடையில் பிடுங்காதீர்கள், கடையில் வளர்த்து விற்கிறார்கள். நட்ட முதல் இரண்டு கிழமையில் இலையெல்லாம் கரைந்து விழும், செத்துவிட்டது என்று எறியாதீர்கள். வேரில் இருந்து திரும்ப வரும்.

கல்லில் கட்டி வைக்கும் ஜாவா பன்னமும் அனூபியாஸும் இன்னும் சுகம். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே அகன்ற இலை ஒன்று இருந்தால் மீன் அதில் படுத்துத் தூங்குவதைப் பார்ப்பீர்கள். லைட் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கொட்டம்பா இலை போடச் சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. கொழும்பில் எந்த ஒழுங்கையிலும் நிற்கும் மரம், தமிழில் நாட்டு வாதுமை. காய்ந்து தானாக விழுந்த பழுப்பு இலையை எடுங்கள், பச்சை இலை வேண்டாம். பஸ் புகை படியும் பிரதான வீதி ஓரத்து இலையும் வேண்டாம். கழுவி, இருபது லீற்றருக்கு ஒரு நடுத்தர இலை. தண்ணீர் வெறுந்தேத்தண்ணீர் நிறமாகும், அது அழுக்கல்ல. இலையில் இருந்து இறங்கும் தனின் தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக்கும், பூஞ்சணத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதற்காக இதை மருந்தென்று நம்பி நோயைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

கடையில எதைப் பார்த்து எடுக்கிறது?

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். கப்புக்குப் பக்கத்தில் விரலை வையுங்கள். திரும்பிப் பார்த்து வருகிறதா, செவுளை விரிக்கிறதா? நல்லது. ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறதா, வயிறு ஊதிச் செதில் மேலே நிமிர்ந்திருக்கிறதா, உடம்பில் உப்புத் தூள் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளியா? வைத்துவிட்டு வாருங்கள். பாவம் பார்த்து நோய் மீனை எடுத்தால் முதல் தொட்டியே வைத்தியசாலையாகிவிடும்.

விசிறி போல 180 பாகை விரியும் ஹாஃப்மூன் வால் அழகுதான், ஆனால் பாரம். முதல் தரம் வளர்ப்பவர்களுக்குக் குட்டை வால் ‘பிளாகட்’ வகையைத்தான் சொல்வேன். திடமானது, சுறுசுறுப்பானது. நன்றாகப் பாயவும் செய்யும், ஆகவே மூடி கட்டாயம். என் மீன் ஒன்றை டிவிக்குப் பின்னால் கருவாடாகத்தான் கண்டெடுத்தேன், இரண்டு விரல் அகல இடைவெளியால் பாய்ந்திருந்தது. மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் ஓர் அங்குலம் காற்று இருக்க வேண்டும். காரணம் உங்களுக்கே இப்போது தெரியும்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பையைக் கட்டியபடியே இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, மீனை மட்டும் உள்ளே விடுங்கள். பைத் தண்ணீர் கழுவுதொட்டிக்கு.

எவ்வளவு சாப்பாடு? மகன் பாக்கும்போதெல்லாம் வாயைத் திறக்குதாம்.

அது வாயைத் திறப்பது பசியால் அல்ல, உங்கள் மகனைத் தெரிந்துவைத்திருப்பதால். பைட்டருக்கென்று விற்கும் சின்ன உருண்டையில் காலையில் மூன்று, மாலையில் மூன்று. கிழமையில் ஒரு நாள் விரதம். இது பூச்சி தின்னும் மீன், சோறும் பாண் துண்டும் ஆகாது. நுளம்புக் குடம்பி நல்ல சாப்பாடுதான், அதற்காக வீட்டில் குடம்பி வளர்க்கப் போனால் பி.எச்.ஐ. கேள்விக்குத் திரும்பப் போக வேண்டி வரும்.

தனியா இருக்கப் பாவமா இருக்கு, ஒரு சோடி போடட்டா?

அதற்குப் பாவமில்லை. ஆணும் ஆணும் என்றால் ஒன்று மிஞ்சும், சில வேளை அதுவும் மிஞ்சாது. ஆணும் பெண்ணும் இணையும் சில நாட்களுக்கு மட்டும் சேர்ந்திருக்கும், அதற்குப் பிறகு ஆண் பெண்ணைத் துரத்திக் கடிக்கும். கப்பி மீனின் வாலைப் பார்த்தால் எதிரி என்று நினைக்கும். இருபது லீற்றரில் ஒரு நத்தை போதும்.

நுளம்புத்திரி கொளுத்தினா மீனுக்கு ஏதும் ஆகுமா?

ஆகும். இதை ஒருவரும் கேட்பதில்லை, மீன் செத்த பிறகுதான் கேட்கிறார்கள். திரியிலும் ஸ்பிறேயிலும் இருக்கும் பைரெத்ரொயிட் மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். எயார் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் தள்ளும். மீனும் அதே காற்றைத்தான் மேலே வந்து குடிக்கிறது. தொட்டி உள்ள அறையில் திரியும் ஸ்பிறேயும் வேண்டாம், வலை கட்டிப் படுங்கள்.

டெங்குக்கு வெளியில் புகை அடிக்க வரும் நாளில் ஜன்னலைச் சாத்தி, பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துவாயால் மூடுங்கள். புகை அடங்கி, வீட்டுக்குக் காற்றோட்டம் வந்த பிறகு எடுங்கள். ஒரு மணி நேரம் மூடியிருப்பதால் ஒன்றும் ஆகாது. சாம்பிராணியையும் சாமியறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வால் கிழிஞ்சு கிழிஞ்சு வருது. மஞ்சள் தூள் போடட்டா, நீல மருந்து போடட்டா?

இரண்டும் வேண்டாம், முதலில் வாலை உற்றுப் பாருங்கள். விளிம்பு கறுத்தோ வெளிறியோ நாளுக்கு நாள் உள்ளே தின்றுகொண்டு வந்தால் அழுகல் நோய். காரணம் பெரும்பாலும் கெட்ட தண்ணீர். நேற்று முழுதாக இருந்த வாலில் இன்று கடித்தெடுத்த மாதிரி அரைவட்டம் இருந்தால் அது தானே கடித்தது. பாரமான வாலோ, வேகமான நீரோட்டமோ, கண்ணாடியில் தன் நிழலை எந்நேரமும் பார்ப்பதோ காரணமாக இருக்கும். நேரான ஒற்றைக் கீறல் என்றால் எங்கோ மாட்டியிருக்கிறது, செடிக் கேள்வியைப் பாருங்கள்.

மூன்றுக்கும் முதல் வைத்தியம் சுத்தத் தண்ணீர்தான். பத்து நாள் தினமும் கால்பங்கு மாற்றினால் பெரும்பாலும் புது வால் கண்ணாடி போல வளர்வது தெரியும். கடையில் கொடுக்கும் நீல மருந்து மெதிலீன் புளூ. அதைத் தொட்டியில் ஊற்றினால் நீங்கள் ஆறு கிழமை காத்திருந்து வளர்த்த பக்டீரியா போய்விடும், செடியும் கெடும். போட்டே ஆக வேண்டும் என்றால் மீனைத் தனி வாளிக்கு எடுத்துப் போடுங்கள். மஞ்சள் கறிக்கு.

மேல நுரை நுரையா கட்டுது, தண்ணி கெட்டுப் போச்சா?

ஒரு மூலையில், உமிழ்நீர்க் குமிழி மாதிரிச் சிறிதாக நெருக்கமாக இருந்தால் அது கூடு. ஆண் மீன் குஞ்சுக்காகக் கட்டுவது. பெண் இல்லாவிட்டாலும் கட்டும். ‘மீன் சந்தோஷமா இருக்கு’ என்று அர்த்தம் எடுக்காதீர்கள், மோசமான கப்பிலும் கட்டும். தொட்டி முழுக்கப் பெரிய குமிழி பரவி, உடையாமல் நின்று, வாடையும் அடித்தால் அது மிஞ்சிய சாப்பாடு.

வளர்க்க ஏலாமப் போச்சு. வெள்ளவத்தைக் கால்வாயில விட்டா புண்ணியந்தானே?

தயவு செய்து வேண்டாம். கால்வாய்த் தண்ணீரில் நீண்ட வால் பைட்டர் அநேகமாக முதல் கொக்குக்கே சாப்பாடு. தப்பிப் பிழைப்பவை இன்னும் பிரச்சினை. தொட்டி மீனாக வந்த கத்தி மீனும், ‘கண்ணாடி துடைக்கிற மீன்’ என்று விற்ற பிளெக்கோவும் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களைப் பாதிக்கின்றன. 1939இல் இந்த நாட்டுக்குள் வந்த சல்வீனியா குளங்களை எப்படி மூடியது என்று விவசாயிகளைக் கேளுங்கள், ஆகவே தொட்டிச் செடியையும் வாய்க்காலில் எறியாதீர்கள். மீனை வாங்கிய கடையில் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் எனக்குப் போன் எடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போறம், பத்து நாள். மீன்?

வளர்ந்த, நோயில்லாத மீன் ஐந்தாறு நாள் சாப்பிடாமல் இருக்கும். அதற்குள் திரும்புவீர்கள் என்றால் புறப்பட முதல் நாள் கால்பங்கு தண்ணீர் மாற்றி, லைட்டை நிறுத்தி, பில்டரை மட்டும் ஓடவிட்டுப் போங்கள். தண்ணீரில் மெதுவாகக் கரையும் ‘விடுமுறைச் சாப்பாட்டுக் கட்டி’ விற்கிறார்கள், சின்னத் தொட்டியில் அது தண்ணீரைக் கெடுக்கும்.

பத்து நாள் என்றால் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும். ஆனால் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்காதீர்கள். அன்பு மிகுதியால் ஒரு கைப்பிடி போடுவார்கள். குளிசைக்கு வாங்கும், கிழமைப் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் ஒவ்வொரு அறைக்கும் மூன்று உருண்டை எண்ணிப் போட்டு அதை மட்டும் கொடுங்கள், டப்பாவை ஒளித்து வையுங்கள். எங்கள் மேல்மாடி அன்ரி போன தரம் அந்தப் பெட்டியைத் திருப்பித் தரும்போது, வெள்ளிக்கிழமை அறையில் மூன்று உருண்டையும் அப்படியே இருந்தன. கேட்டேன். “வெள்ளியில அதுக்கும் விரதம் எண்டு விட்டுட்டன் பிள்ளை” என்றார்.